பீஸ் கட்டையைக் கழற்றும் முன்

அன்புள்ள கதிருக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ வாட்ஸப்பில் அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மரப்பலகை, அதன் மேல் இரும்புப் பெட்டி மெயின் ஸ்விட்ச், பக்கத்தில் ஆறு பீங்கான் பீஸ் கட்டை. மூன்றாவது கட்டையில் பீஸ் கம்பிக்குப் பதில் ஒயர் நாரை முறுக்கிக் கட்டியிருக்கிறது. முதலில் அதைச் சரிசெய். மெயினை அணைத்து, கட்டையை உருவி, அந்த நாரை எடுத்துவிட்டு 5 ஆம்பியர் பீஸ் கம்பி ஒரே இழை போடு. புது டிபி பாக்ஸ் (கரண்டை லைன் லைனாகப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) வரும்வரை அது தாங்கும். அந்த லைனில் அயர்ன் பாக்ஸ் போட வேண்டாம்.

"பழசைக் கழற்றிவிட்டு ஒரு டிபி பாக்ஸ் மாட்டினால் முடிந்தது, ஞாயிற்றுக்கிழமை நானே செய்துவிடுகிறேன்" என்று எழுதியிருந்தாய். வேண்டாம் கண்ணு. மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகள் (2023) சொல்வது இதுதான். பல்பு, ஃபேன், ஃப்யூஸ், ஸ்விட்ச் போன்றவற்றை, இருக்கிற திறனும் தன்மையும் மாறாமல் மாற்றிப் போடுவதை வீட்டுக்காரர் செய்யலாம். அதற்கு மேல் எதுவானாலும் லைசென்ஸ் உள்ள காண்ட்ராக்டர் எடுத்து, தகுதிச் சான்று பெற்ற சூப்பர்வைசர் கூட நின்று, பெர்மிட் உள்ள வயர்மேன் செய்ய வேண்டும். பீஸ் போர்டை எடுத்துவிட்டு எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானே விழும் ஸ்விட்ச்) டிபி வைப்பது இரண்டாவது வகை. தமிழ்நாட்டில் லைசென்ஸ் கொடுப்பது கிண்டியில் இருக்கும் மின் உரிமம் வழங்கும் வாரியம். ஆள் பேசும்போதே லைசென்ஸ் நகலைக் கேள், காலாவதித் தேதியைப் பார். தயங்காதே. சரியான ஆளாக இருந்தால் அவரே எடுத்துக் காட்டுவார்.

மீட்டரும் அதற்கு முன்னால் இருக்கும் ஈபி கட்அவுட்டும் (ஈபிக்காரர் வைத்த பீஸ்) நமக்குச் சொந்தமானதல்ல. மீட்டர் சீலில் வயர்மேன் கை வைக்கக் கூடாது, வைத்தால் மின்சாரச் சட்டப்படி உன் மேல்தான் வழக்கு வரும். மீட்டரிலிருந்து மெயினுக்கு வரும் ஒயரை மாற்ற வேண்டியிருந்தால் செக்ஷன் ஆபீசில் எழுதிக் கொடுத்து, லைன்மேன் வந்து கட்அவுட்டை எடுத்த பிறகே தொட வேண்டும். ஆபீஸ் போன் எடுக்காவிட்டால் ஈபி புகார் மையமான மின்னகம் 94987 94987. அப்படியே பில்லில் உன் வீட்டுக்கு அனுமதித்த லோடு எத்தனை கிலோவாட் என்றும் பார்த்து வை. ஏசியும் கீசரும் சேர்ந்த பிறகு அது பத்தாது என்றால் லோடு கூட்ட விண்ணப்பிக்க வேண்டும்.

பாக்ஸை விடு, அதற்குப் பின்னால் சுவருக்குள் ஓடும் ஒயரைப் பற்றித்தான் எனக்குக் கவலை. எம்சிபி ஒயருக்குக் காவல். எத்தனை ஆம்பியர் எம்சிபி போடுவது என்பதை ஏசியோ கீசரோ தீர்மானிக்காது, அங்கே போகிற ஒயரின் கனம்தான் தீர்மானிக்கும். உன் வீட்டில் இருப்பது பழைய கணக்கு ஒயர். 3/22 என்றால் மூன்று இழை, 22 கேஜ். கணக்குப் போட்டால் 1.2 ஸ்கொயர் எம்எம்தான் வரும். "அது ஒன்றரைதான்" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதே. 3/20 சுமார் 2, 7/20 சுமார் 4.6. ஆக 3/22 ஓடும் லைட் லைனுக்கு 6 ஆம்பியர் போதும். 3/20-க்கு 10, மிஞ்சினால் 16. 20 கூடவே கூடாது. புதிதாக இழுக்கும் ஒயர் லைட்டுக்கு 1.5, பவர் பிளக்குக்கு 2.5, ஏசிக்கும் கீசருக்கும் தனித்தனியாக 4 ஸ்கொயர் எம்எம், எல்லாம் ஐஎஸ் 694 முத்திரையுள்ள செம்பு. உள்ளே அலுமினிய ஒயர் கிடைத்தால் அந்த லைனை முழுக்க மாற்றிவிடு. செம்போடு நேராக முறுக்கிச் சேர்த்தால் அந்த இடம் நாளாக நாளாகத் தளர்ந்து சூடேறும்.

"அடிக்கடி டிரிப் ஆகிறது, 16-ஐ எடுத்துவிட்டு 25 போட்டுவிடலாம்" என்று சொல்பவரை உடனே நிறுத்து. 16 ஆம்பியர் எம்சிபி 23 ஆம்பியர் தொடர்ந்து போனால் ஒரு மணி நேரத்துக்குள் விழ வேண்டும் என்பது தரவிதி. அந்த ஒரு மணி நேரத்தை மெல்லிய ஒயர் தாங்குகிறதா என்பதுதான் கேள்வி. 25 போட்டால் 36 ஆம்பியர் வரை அதே ஒரு மணி நேரம் விடும். அதற்குள் குழாய்க்குள் ஒயர் மேல்தோல் இளகிவிடும், வெளியே ஒன்றும் தெரியாது.

இரண்டாவது படத்தில் மெயினுக்கு அடுத்து இரண்டு கட்டை ஜோடியாக இருக்கிறதே, அதில் ஒன்று நியூட்ரலில் (கரண்ட் திரும்பிப் போகும் ஒயர்) இருக்கிறது. அந்தக் காலத்தில் இரண்டு பக்கமும் பீஸ் வைப்பார்கள். நியூட்ரல் பீஸ் மட்டும் போனால் விளக்கு அணைந்துவிடும், ஆனால் ஹோல்டரில் கரண்ட் அப்படியே நிற்கும். அணைந்துவிட்டதே என்று பல்பைக் கழற்றுகிறவருக்கு ஷாக் அடிக்கும். புது டிபியில் நியூட்ரல் நேராகப் பித்தளைப் பாருக்குப் போக வேண்டும், நடுவில் பீஸோ தனி ஸ்விட்சோ கூடாது. மெயினும் ஆர்சிசிபியும் (கரண்ட் கசிந்தால் விழும் ஸ்விட்ச்) மட்டும் ஃபேஸையும் (கரண்ட் வரும் ஒயர்) நியூட்ரலையும் சேர்த்துத் துண்டிக்கும்.

இனி ஆர்சிசிபி. கடைக்காரர் இன்னும் ஈஎல்சிபி என்றுதான் சொல்வார். போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அதன் வேலை. 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தால் 0.3 நொடிக்குள் துண்டிக்கும். 150 மில்லி ஆம்பியர் என்றால் 0.04 நொடி. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புகளுக்கு இது விதியாகவே இருக்கிறது. "எர்த் நன்றாக இருந்தால் எம்சிபியே போதும்" என்பவர்களுக்குக் கணக்கில்தான் பதில் சொல்ல வேண்டும். உன் எர்த் குழி 5 ஓம் என்று வைத்துக்கொள், வீட்டுக்கு அது நல்ல குழிதான். வாஷிங் மெஷின் உடம்பில் ஃபேஸ் பட்டால் 230-ஐ 5-ஆல் வகுத்து 46 ஆம்பியர் ஓடும். 16 ஆம்பியர் சி வகை எம்சிபி (கிளம்பும் நேரத்து இழுப்பைத் தாங்கும் வகை) உடனே விழும் என்று உறுதியாகச் சொல்ல 160 ஆம்பியர் வேண்டும். 46-க்கு அது ஒரு நிமிடம் வரைகூடக் காத்திருக்கலாம். அதுவரை மெஷினின் தகரம் முழுக்கக் கரண்ட். ஆர்சிசிபி மட்டும்தான் அங்கே காப்பாற்றும். அதே சமயம் எர்த் இல்லாமல் ஆர்சிசிபி மட்டும் இருந்தால், ஆள் தொட்டு, அவர் உடம்பு வழியே கரண்ட் கசிந்த பிறகுதான் அது விழும். எர்த் இருந்தால் யாரும் தொடும் முன்பே விழுந்துவிடும். இரண்டும் வேண்டும்.

எர்த் குழிக்கு ஐஎஸ் 3043 சொல்வது 2.5 மீட்டருக்குக் குறையாத, 38 மி.மீ. உள்விட்டமுள்ள ஜிஐ பைப். பின்பக்கம் துணி துவைக்கும் கல்லுக்கு அருகே ஈரம் காயாத இடம் இருக்கிறதல்லவா, அங்கே போடச் சொல். தண்ணீர்க் குழாயை எர்த்தாக எடுக்க விடாதே. பிளக் பாயிண்டில் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்திருந்தால் அதைப் பிடுங்கிவிட வேண்டும்.

உன் வீட்டுக்கு நான் போட்ட கணக்கு: 32 ஆம்பியர் டபுள் போல் (ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் வெட்டும்) எம்சிபி மெயின் ஒன்று, 40 ஆம்பியர் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இரண்டு, கீழே ஒன்பது எம்சிபி. ஹால் லைட் 6, படுக்கையறை லைட் 6, சமையலறை பிளக் 16, ஃபிரிட்ஜ் 10, வாஷிங் மெஷின் 16, ஏசி 20, கீசர் 20, மோட்டார் 16, இன்வெர்ட்டர் 10. மெயினுக்கு 2 இடம், ஆர்சிசிபிக்கு 4, மற்றவை 9, ஆக 15. 16 வழி டிபி சரியாக இருக்கும் என்று தோன்றும், 20 வழியே வாங்கு. நாளைக்கு இன்னொரு ஏசி வரும்போது ஒரே எம்சிபியில் இரண்டு ஒயர் சொருகுவார்கள், கருகுவது அங்கேதான். எம்சிபி எல்லாம் 10 கேஏ (ஷார்ட் ஆனால் பத்தாயிரம் ஆம்பியர் வரை வெட்டும் திறன்) என்று எழுதியதாக இருக்கட்டும். மோட்டார் கிளம்பும்போது ஓடும்போது இழுப்பதைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும், அதனால் அதற்கும் ஏசிக்கும் சி வகை. ஆர்சிசிபியில் ஏ வகை கேள். வாஷிங் மெஷின், இன்வெர்ட்டர் ஏசி போன்றவற்றின் கசிவை "ஏசி வகை" என்று விற்கும் சாதாரண ஆர்சிசிபி சில சமயம் கண்டுபிடிக்காமல் விட்டுவிடும். ஐஎஸ்ஐ முத்திரைக்குக் கீழே இருக்கும் சிஎம்/எல் எண்ணை பிஐஎஸ் கேர் ஆப்பில் போட்டுப் பார், போலி சரக்கு நிறைய.

இரண்டு ஆர்சிசிபி எதற்கு என்றால், மோட்டார், கீசர், வாஷிங் மெஷின் என்று தண்ணீரோடு புழங்குபவற்றை ஒன்றில் போட்டு, ஃபிரிட்ஜையும் லைட்டையும் மற்றதில் வைக்கலாம். போர் மோட்டார் ஒயர் ஈரம் குடித்து ராத்திரியில் டிரிப் ஆனாலும் பாப்பா இருட்டில் எழுந்து நடக்க வேண்டியிருக்காது.

ஆனால் இரண்டு வைத்தால் நியூட்ரலும் இரண்டு பார். இங்கேதான் பாதிப் பேர் தடுக்கி விழுகிறார்கள். ஒன்றாவது ஆர்சிசிபி வழியாகப் போன ஃபேஸுக்கு நியூட்ரல் இரண்டாவது பாரில் திரும்பினால் ஒன்றோ இரண்டுமோ விழும். பழைய வீட்டில் இரண்டு அறைக்கு ஒரே நியூட்ரலை லூப் எடுத்திருப்பார்கள், பீஸ் கட்டை அதைக் கண்டுகொள்ளவில்லை, ஆர்சிசிபி விடாது. இன்வெர்ட்டர் இன்னும் மோசம். அதற்கு ஃபேஸை ஆர்சிசிபிக்கு மேலிருந்து எடுத்து, நியூட்ரலைக் கீழே பொதுப் பாரில் சொருகிவிடுவார்கள். அப்புறம் "இந்த வீட்டுக்கு ஆர்சிசிபி ஒத்துவரவில்லை" என்று கழற்றி நேரடியாகக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அதை மட்டும் விடாதே. இன்வெர்ட்டருக்கு உள்ளே போகும் ஃபேஸும் நியூட்ரலும் ஒரே ஆர்சிசிபிக்குக் கீழிருந்து எடுத்து, வெளியே வரும் லைன்களுக்குத் தனி நியூட்ரல் பார் வைக்கச் சொல்.

ஆர்சிசிபி நிற்காமல் விழுந்தால் தேடும் வழி: எம்சிபி எல்லாவற்றையும் இறக்கிவிட்டு ஆர்சிசிபியை ஏற்ற வேண்டும். அப்போதும் விழுந்தால் ஏதோ ஒரு லைனில் நியூட்ரல் எர்த்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று சந்தேகிக்கலாம். சிங்கிள் போல் எம்சிபி ஃபேஸை மட்டும்தான் வெட்டும், நியூட்ரல் பாரோடு சேர்ந்தே இருக்கும். ஒவ்வொரு முறையும் மெயினை அணைத்து ஒரு நியூட்ரலைக் கழற்றி, மறுபடி ஏற்றிப் பார்த்தால் குற்றவாளி லைன் தெரிந்துவிடும்.

வேலை நாளன்று நீ வீட்டில் இரு. மெயினை அணைத்தாலும் இன்வெர்ட்டர் லைட் லைனுக்குக் கரண்ட் ஊட்டிக்கொண்டே இருக்கும். அதன் அவுட்புட்டை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி வைத்த பிறகே போர்டைத் திறக்க வேண்டும். டெஸ்டர் எரியவில்லை என்பதை மட்டும் நம்பக் கூடாது. கரண்ட் இருக்கும் இடத்தில் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்து, வேலை செய்யும் இடத்தில் பார்த்து, மறுபடி கரண்ட் இருக்கும் இடத்தில் வைத்து மீட்டர் உயிரோடு இருப்பதை உறுதி செய்ய வேண்டும். பழைய ஒயரை ஒவ்வொன்றாகக் கழற்றும்போதே எந்த அறை, எந்த லைன் என்று டேப் ஒட்டி எழுதச் சொல். நிறத்தை நம்பாதே, அந்த வீட்டில் கறுப்பு ஒயரில் ஃபேஸ் போவது படத்திலேயே தெரிகிறது.

பல இழை ஒயர் நுனிக்கு ஃபெருல் (இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் சிறு உலோகக் குழல்) அடித்துச் சொருக வேண்டும். ஸ்க்ரூவுக்குக் கீழே மேல்தோல் மாட்டியிருந்தால் இறுக்கியது போலத் தெரியும், ஆனால் செம்பு தொட்டிருக்காது. எல்லாம் முடிந்த பிறகு இன்னொரு முறை இறுக்கி, ஒவ்வொரு ஒயரையும் இழுத்துப் பார்க்கச் சொல். காலி இடங்களுக்கெல்லாம் பிளாங்க் மூடி, ஒயர் நுழையும் ஓட்டைக்கு அடைப்பு. பல்லி உள்ளே போய் இரண்டு முனைக்கு நடுவில் நின்றால் போதும். பழைய இடத்துச் சுவரில் ஓதம் இருப்பதால் பாக்ஸை வாசல் பக்கச் சுவருக்கு மாற்றிவிடு, கண் உயரத்தில்.

கரண்ட் கொடுக்கும் முன் 500 வோல்ட் மெக்கர் (ஒயர் மேல்தோல் கசிகிறதா என்று அளக்கும் கருவி) போட வேண்டும். டிவி, ஃபிரிட்ஜ், எல்இடி பல்பு எல்லாம் கழற்றிவிட்டு, ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்து எர்த்துக்கு எதிராக ஒவ்வொரு லைனிலும் 1 மெகா ஓமுக்கு மேல் வர வேண்டும். புது ஒயரில் அதைவிடப் பல மடங்கு காட்டும். 1-க்குக் கீழே வருகிற லைனை அன்றைக்கு இணைக்க வேண்டாம். அப்புறம் மெயினை மட்டும் ஏற்றி ஃபேஸ்–நியூட்ரல் 230 பக்கம், ஃபேஸ்–எர்த் அதே அளவு, நியூட்ரல்–எர்த் சில வோல்ட் என்று பார்த்து, ஆர்சிசிபியை ஏற்றி அதன் டெஸ்ட் பட்டனை அழுத்தி, அது விழுந்த பிறகு மறுபடி அதை ஏற்றி, ஒவ்வொரு எம்சிபியாக ஏற்ற வேண்டும். அந்தப் பட்டனை மாதம் ஒருமுறை நீயே அழுத்து.

காண்ட்ராக்டர் கையெழுத்திட்ட டெஸ்ட் ரிப்போர்ட்டை வாங்காமல் முழுப் பணமும் கொடுக்காதே. மெக்கர் அளவுகளையும் எர்த் குழி எத்தனை ஓம் என்பதையும் எழுதிய தாளைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. நான் பார்த்துச் சொன்ன பிறகு டிபி மூடியைப் போடட்டும்.

அன்புடன்,
அம்மா