சுரங்க வாய்க்கால் வவ்வால்

நிஸ்வா, ஓமன்

அன்புள்ள அப்பத்தாவுக்கு,

நலம். தங்கச்சியை நிதானமாக வாசித்துக் காட்டச் சொல்.

"அங்கே மணலும் ஒட்டகமும் தவிர என்னடா இருக்கிறது?" என்று போனில் கேட்டாயே, வவ்வால் இருக்கிறது. பழந்தின்னிதான். ஆனால் நம் கோயில் மருத மரத்தில் நான்கு அடிச் சிறகோடு தொங்குகிற ஜாதி இல்லை; இது விரித்தால் இரண்டு அடி. வெயில் 45 டிகிரியைத் தாண்டுகிற ஊரில் மரத்தில் தொங்கினால் கருகிவிடாதா? பகலெல்லாம் மலைக் குகையிலும் ஃபலஜிலும் அடைந்து கிடக்கிறது. மலையடித் தண்ணீரைச் சுரங்கம் வெட்டித் தோப்புக்குக் கொண்டுவரும் வாய்க்கால்தான் ஃபலஜ். நம் கண்மாய்ப் பாசனம் போல இங்கும் முறைவைத்தே பாய்ச்சுகிறார்கள்.

போன மாதம் வண்டல் அள்ள உள்ளே இறங்கினேன். டார்ச் அடித்ததும் கூரையே நெளிந்தது. 'டிக் டிக்' என்று சத்தம், நீ கோழியைக் கூப்பிட நாக்கைத் தட்டுவாயே, அதே போல. அது சுவரில் பட்டுத் திரும்புவதைக் கேட்டுத்தான் இருட்டில் வழி பிடிக்கிறது. நம் மரத்து வவ்வாலுக்கு இந்த வித்தை தெரியாது. ஒன்றின் மார்பில் குட்டி ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு ஈற்றுக்குப் பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான்.

இருட்டியதும் பேரீச்சை, அத்தி, இலந்தை என்று மேய்ச்சல். (இலந்தை இங்கேயும் உண்டு, சித்ர் என்கிறார்கள்.) விடிந்து பார்த்தால் மரத்தடியில் சாறு உறிஞ்சித் துப்பிய சக்கை, உன் வெற்றிலைச் சக்கை மாதிரி கிடக்கும். அதனால் குலைக்கு வலைப்பை கட்டுகிறோம். பக்கத்துத் தோப்பில் அந்தப் பொறுமை இல்லை, சுரங்க வாயில் புகை போட்டார்கள். மறுநாள் தண்ணீரில் மிதந்தவற்றை அள்ளக் கூப்பிட்டார்கள், நானும் ஒரு கூடை அள்ளினேன். அன்று சோறு இறங்கவில்லை. புகைக்குத் தப்பினாலும் ஆழ்குழாய்க் கிணறுகள் ஊற்றை உறிஞ்ச, சில ஃபலஜ்கள் வற்றிக் கிடக்கின்றன.

எச்சம் வண்டிமேல் விழுகிறது என்று சித்தப்பா மருத மரத்துக் கிளையை வெட்ட ஆள் பேசியிருக்கிறாராமே? எலி, காகத்தோடு சேர்த்துப் பழந்தின்னி வவ்வாலையும் தீங்குயிர் என்று எழுதி வைத்திருந்த பட்டியலே நம் நாட்டு வனவிலங்குச் சட்டத்தின் 2022 திருத்தத்தில் போய்விட்டது என்று அவரிடம் சொல். இளைப்புக்கு மருந்து என்று வவ்வால் கறி தேடி வருகிறவர்களை, நீ எப்போதும் போல விளக்குமாற்றோடு கவனித்துக்கொள்.

4,000 ரூபாய் தனியாக அனுப்பியிருக்கிறேன். அதில் சித்தப்பா வண்டிக்கு ஒரு தகரக் கொட்டகை போட்டுக்கொள்ளட்டும்.

உன் பேரன்