பெயர் சொல்லாமல் போன ஐயாவுக்கு நன்றி

சென்ற மாதம் மதுரை விளக்குத்தூண் அருகே மயங்கி விழுந்த முதியவரை ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனையில் சேர்த்தவர் நீங்கள். அவர் எங்கள் அப்பா, 84 வயது. மறுநாள் விடியற்காலையில் காலமானார். ஆனாலும் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் முகம் பார்த்துப் பேச ஓர் இரவு கிடைத்தது. அது நீங்கள் கொடுத்தது.

யாரைத் தூக்கிச் சென்றீர்கள் என்று உங்களுக்குச் சொல்லத் தோன்றுகிறது. திருமலை நாயக்கர் கட்டிய புது மண்டபத்தில் பித்தளைப் பாத்திரக் கடை வைத்திருந்தவர். கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறியபோது, அந்தத் தூண்களைப் பிரிய மனமில்லாமல் பல நாள் முணுமுணுத்தார். சீர்ப் பாத்திரங்களில் பெயர் வெட்டுவதை மட்டும் யாரிடமும் விட மாட்டார். மெஷின் வந்த பிறகும் அவருக்குச் சிற்றுளியும் சுத்தியலும்தான். குடத்தை மடியில் சாய்த்து, புள்ளி புள்ளியாக எழுத்தை இறக்குவார். இல்லாத வீட்டுக் கல்யாணம் என்றால் வெட்டுக்கூலி கிடையாது. (வசதியானவர்கள் பேரம் பேசினால் மட்டும் கோபம் பொத்துக்கொண்டு வரும்.) அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் நீர்மோர்ப் பந்தலே கதி. மோரில் தண்ணீர் கூடிவிட்டால் எங்களுக்குத்தான் திட்டு.

அவர் பையில் இருந்த வசூல் பணத்தை நர்ஸிடம் எண்ணி ஒப்படைத்திருக்கிறீர்கள். ஒரு ரூபாய் குறையவில்லை. பெயர் கேட்டதற்குச் சிரித்துவிட்டுக் கிளம்பிவிட்டீர்களாம்.

ஆட்டோ கட்டணமும் மருந்துச் செலவும் உங்கள் கையிலிருந்து போயிருக்கின்றன. அப்பா யாரிடமும் கடன் வைத்ததில்லை. ஒருநாள் கடைக்கு வந்து வாங்கிக்கொள்ளுங்கள், ஐயா.