கணினியைத் திறப்பதற்கு முன்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். கடந்த ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீ வருத்தத்தோடு சொன்ன செய்தி நான்கு நாட்களாக என் மனத்திலேயே நிற்கிறது. நீ வடிவமைத்த உத்தரத்தின் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "இந்த விடை சரி என்று உனக்கு எப்படித் தெரியும்?" என்று மேலதிகாரி கேட்டபோது, மென்பொருள் காட்டியது என்பதைத் தவிர உன்னிடம் வேறு பதில் இல்லை என்றாய். அவர் கேட்டது நியாயம்தான் என்றும் நீயே சொன்னாய். அதைக் கேட்டு நான் மகிழ்ந்தேன். இரண்டு வார்த்தையில் முடிகிற விஷயம் இல்லை என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ சொன்ன உத்தரத்தையே எடுத்துக்கொள். இரு முனைகளிலும் தாங்கப்பட்ட 6 மீட்டர் நீளம். மீட்டருக்கு 20 கிலோநியூட்டன், அதாவது ஏறக்குறைய இரண்டு டன் பளு. பளுவை நீளத்தின் வர்க்கத்தால் பெருக்கி எட்டால் வகுத்தால் நடுவில் வரும் பெண்டிங் மொமென்ட், அதாவது உத்தரத்தை வளைக்கும் திருப்புவிசை, கிடைக்கும். இருபதை 36-ஆல் பெருக்கினால் 720. எட்டால் வகுத்தால் 90 கிலோநியூட்டன் மீட்டர். இதற்கு ஒரு நிமிடம் போதும். இந்த 90 உன் கையில் இருந்தால், திரையில் 9 என்றோ 900 என்றோ வந்த நொடியிலேயே, அலகு எங்கோ மாறியிருக்கிறது அல்லது ஏதோ ஒரு தாங்கி விடுபட்டிருக்கிறது என்று நீ நிமிர்ந்து உட்காருவாய். கணினி நம்மைவிடப் பன்மடங்கு வேகமாகக் கணக்குப் போடும். ஆனால் நாம் கொடுத்த எண் தவறு என்பது அதற்குத் தெரியாது.

நம் வீட்டுப் புத்தகப் பலகை நடுவில் தொய்ந்தபோது ஒரு கட்டையைக் கீழே நிறுத்தினேனே, நினைவிருக்கிறதா? நீளம் பாதியானால் தொய்வு பதினாறில் ஒரு பங்காகிவிடும் என்று சொன்னதும், எட்டாம் வகுப்புப் பெண்ணான நீ அளவுகோலை எடுத்துவந்து அளந்து பார்த்தாய். அந்தப் பழக்கத்தைத்தான் இப்போதும் உன்னிடம் கேட்கிறேன்.

கனடாவின் கியூபெக் பாலத்தைப் பற்றி நீ படித்திருப்பாய். முதலில் 1600 அடியாக இருந்த நடு இடைவெளியைப் பின்னர் 1800 அடியாக நீட்டினார்கள். ஆனால் பாலத்தின் சொந்த எடையை அதற்கேற்ப உரிய காலத்தில் திருத்திக் கணக்கிடவில்லை. பளு மாறாமல் இருந்தால்கூட, நீளம் எட்டில் ஒரு பங்கு கூடும்போது, வர்க்கக் கணக்கின்படி மொமென்ட் கால் பங்குக்கு மேல் கூடிவிடும். எடையும் சேர்ந்து ஏறினால் சொல்லவே வேண்டாம். எடை கூடியிருப்பது பின்னால் தெரியவந்தபோது எஃகு ஏற்கெனவே உருவாகிவிட்டிருந்தது. தாங்கும் என்று விட்டுவிட்டார்கள். அடிப்பகுதி உறுப்புகள் வளைவதைத் தளத்தில் இருந்தவர்கள் அளந்தே கண்டார்கள். தலைமை ஆலோசகர் தியோடர் கூப்பரோ தொலைவில், நியூயார்க்கில் இருந்தார். மேற்கொண்டு பளு ஏற்ற வேண்டாம் என்று அவர் அனுப்பிய தந்தியால் வேலை நிற்கவில்லை. 1907 ஆகஸ்ட் 29 அன்று மாலை பாலம் ஆற்றில் விழுந்து 75 தொழிலாளர்கள் இறந்தார்கள். அந்த எண்ணை என்னால் வெறும் எண்ணாகப் படிக்க முடிந்ததே இல்லை.

என் சொந்தத் தவறையும் உனக்கு இதுவரை சொன்னதில்லை. எனக்கு 25 வயது, தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கட்டட வேலை, ஐப்பசி மழை. ஒரு மூட்டை சிமென்ட் 50 கிலோ, அதற்கு 25 லிட்டர் தண்ணீர் என்று அளந்து ஊற்றச் சொல்லி, கூடவே நின்று பார்த்துக்கொண்டேன். மணல் நனைந்து கிடந்ததை மட்டும் நான் கணக்கில் எடுக்கவில்லை. தண்ணீர் கூடினால் கான்கிரீட்டின் வலிமை குறையும். 28 நாள் கழித்து, சோதனைக்காக அதே கலவையில் வார்த்த கியூப்களை (கனசதுரக் கட்டிகளை) உடைத்துப் பார்த்தால், சதுர சென்டிமீட்டருக்கு 200 கிலோ வர வேண்டிய இடத்தில் 150-ஐத் தாண்டவில்லை. மூன்று தூண்களை இடித்தோம்.

திட்டாமல் என்னைத் தேநீர்க் கடைக்கு அழைத்துப்போனார் மூத்த பொறியாளர். ஓர் இரும்பு வாணலியை இரவல் வாங்கி, ஈர மணலில் ஒரு கிலோவைச் சரியாக நிறுத்து அடுப்பில் போட்டு, ஆவி அடங்கி மணல் பொலபொலவென்று உதிரும்வரை கரண்டியால் கிளறினார். மறுபடி நிறுத்தபோது 940 கிராம். "மீதி 60 கிராம் எங்கே போயிற்று?" என்று மட்டும் கேட்டார். ஒரு மூட்டைக்கு 80 கிலோ மணல் என்றால், அதற்குள்ளேயே ஏறத்தாழ 5 லிட்டர் தண்ணீர் ஒளிந்திருந்தது. நான் 25 என்று நம்பியது உண்மையில் 30. வாய்பாடு தெரியாமல் நான் தவறவில்லை, அம்மா. கண்ணெதிரே கிடந்த மணலை வாய்பாட்டோடு சேர்த்துப் பார்க்காமல் தவறினேன். ஓய்வு பெறும்வரை, மழை பெய்த மறுநாள் வாணலி இல்லாமல் நான் கலவை போட விட்டதில்லை.

இப்போது நம் வீட்டுக் கணக்கு ஒன்று இருக்கிறது. கோடையில் தண்ணீர் போதவில்லை என்று அம்மா மொட்டைமாடியில் 2000 லிட்டர் தொட்டி கேட்கிறாள். அதாவது தண்ணீர் மட்டுமே இரண்டு டன். ஆட்கள் நடமாடும் மொட்டைமாடிக்கு நம் நாட்டுக் கட்டடத் தர விதி கொடுக்கும் பளு சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன், ஏறக்குறைய 150 கிலோ. ஒரு மீட்டர் உயரத் தண்ணீரோ சதுர மீட்டருக்கு 1000 கிலோ. தளத்தின் நடுவில் வைக்கும் பேச்சே இல்லை. தென்கிழக்கு மூலையில் இரண்டு தூண்களுக்கு இடையே ஓடும் உத்தரத்தின்மேல் சிறு சுவர் எழுப்பி, அதன்மேல் வைக்கலாமா என்று யோசிக்கிறேன். நேற்று மேலே ஏறி அளந்தேன்: தூண்களுக்கு இடையே 3.6 மீட்டர், உத்தரம் 230 மில்லிமீட்டர் அகலம், 380 ஆழம். கம்பி விவரம் பழைய வரைபடத்தில் இருக்கிறது. அதன் நகலை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன்.

கணினியைத் திறக்காமல் தாளில் போட்டுப் பார். உத்தரத்தின் சொந்த எடையை மறந்துவிடாதே. முடித்ததும் படம் எடுத்து வாட்ஸ்ஆப்பில் அனுப்பு. என் கணக்கை மேசை இழுப்பறையில் மடித்து வைத்திருக்கிறேன். உன்னுடையது வந்த பிறகுதான் அதை வெளியே எடுப்பேன். அதுவரை தொட்டி வாங்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா