என் அக்காவிடம் மைக்கைத் திருப்பிக் கொடுங்கள்: சபையின் மேய்ப்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

கிறிஸ்துவுக்குள் மதிப்பிற்குரிய போதகர் ஐயா அவர்களுக்கும், சபையின் மூப்பர்களுக்கும், ஆராதனைக் குழுவினருக்கும்,

ஸ்தோத்திரம்.

சென்ற மாதத்தின் கடைசி ஞாயிறு, சாட்சி நேரத்தில் நடந்ததை நான் விவரிக்க வேண்டியதில்லை. நீங்கள் எல்லோரும் மேடையிலேயே இருந்தீர்கள். என் அக்கா ஒரு காகிதத்தோடு எழுந்து வந்தார். நான்கு வரி வாசித்ததுமே மைக் அவர் கையிலிருந்து வாங்கப்பட்டது. "சகோதரி, நாம் வெளிச்சத்தின் பிள்ளைகள். அவிசுவாச வார்த்தை வேண்டாம்" என்று சொல்லப்பட்டது. அவர் தன் இருக்கைக்குத் திரும்பும் முன்பே ஜெயப்பாட்டு தொடங்கிவிட்டது. அடுத்த வாரம் ஓய்வுநாள் பள்ளி வகுப்பும் அவரிடமிருந்து எடுக்கப்பட்டது. "பெலன் கிடைக்கும்வரை ஓய்வெடுங்கள்" என்று அன்பாகத்தான் சொன்னீர்கள். அது அவர் 14 ஆண்டுகளாக நடத்திவந்த வகுப்பு.

இதைப் பற்றிப் பேச இரண்டு முறை உங்களிடம் வந்தேன். இரண்டு முறையும் ஜெபித்து அனுப்பினீர்கள். ஜெபத்துக்கு நன்றி. பதில் கிடைக்காததால் எல்லோரும் வாசிக்கும்படி இதை எழுதுகிறேன். என் வேண்டுகோள் ஒன்றுதான்: அந்தக் காகிதத்தை என் அக்கா சபைக்கு முன்பாகக் கடைசி வரிவரை வாசிக்க அனுமதி கொடுங்கள்.

அன்று அவர் வாசித்த நான்கு வரிகள் இவை: "மகனை அடக்கம் செய்து 11 மாதங்கள் ஆகின்றன. ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தை வரவில்லை. வேதத்தைத் திறந்தால் எழுத்துகள் மட்டுமே தெரிகின்றன. எனக்கு இன்னும் விடியவில்லை." இதில் எந்தச் சொல் அவிசுவாசம் என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். "வெளிச்சத்தின் பிள்ளைகளாய் நடந்துகொள்ளுங்கள்" என்று பவுல் எபேசியருக்கு எழுதினார். அதற்கு அடுத்த வசனத்திலேயே அந்த வாழ்க்கையின் கனி இன்னதென்று மூன்றைச் சொல்கிறார்: நற்குணம், நீதி, உண்மை. என் அக்கா உண்மையைச் சொன்னார். வெளிச்சத்தின் பிள்ளை செய்ய வேண்டியதைத்தான் செய்தார்.

அன்றைய பிரசங்கமும் ஒளியைப் பற்றியதுதான். "தேவன் ஒளியாயிருக்கிறார், அவரில் எவ்வளவேனும் இருளில்லை" என்ற யோவானின் வசனத்தை எடுத்து, இருள் இருக்கும் இடத்தில் தேவன் இல்லை என்று முடித்தீர்கள். அந்த நிருபத்தின் அடுத்த அதிகாரத்துக்குப் போகவில்லை. இருள் என்று தாம் எதைச் சொல்கிறார் என்பதை யோவான் அங்கே எழுதியிருக்கிறார்: "ஒளியிலே இருக்கிறேன் என்று சொல்லியும் தன் சகோதரனைப் பகைக்கிறவன் இதுவரைக்கும் இருளிலே இருக்கிறான்." பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் துக்கத்தை அந்த இருளோடு சேர்க்க யோவான் எங்கே இடம் கொடுத்தார்?

யோவான் சுவிசேஷத்தின் முதல் அதிகாரம் ஐந்தாம் வசனத்தை நீங்கள் எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறீர்கள். நம் பழைய மொழிபெயர்ப்பில் "அந்த ஒளி இருளிலே பிரகாசிக்கிறது, இருளானது அதைப் பற்றிக்கொள்ளவில்லை" என்று இருக்கிறது. கத்தோலிக்கர் வாசிக்கும் திருவிவிலியத்தில் "இருள் அதன் மேல் வெற்றி கொள்ளவில்லை" என்று இருக்கிறது. மூலத்திலுள்ள கிரேக்கச் சொல்லுக்குப் பற்றிப்பிடித்தல், புரிந்துகொள்ளுதல், மேற்கொள்ளுதல் என்று பல பொருள்கள் உண்டு. அதனால்தான் இந்த வேறுபாடு. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது முதல் பாதி. "பிரகாசிக்கிறது" என்று நிகழ்காலத்தில் இருக்கிறது. எங்கே பிரகாசிக்கிறது? இருளிலே. இருள் ஒழிந்த பிறகு பிரகாசித்தது என்று எழுதியிருந்தால் நீங்கள் சொல்வது சரியாக இருந்திருக்கும். ஒளி வந்து நிற்கும் இடமே இருள்தான் என்று யோவான் எழுதுகிறார். அப்படியானால் அன்று நம் சபையில் அந்த ஒளி நிற்க வேண்டிய இடம் என் அக்கா நின்ற இடம். அங்கிருந்துதான் அவரைக் கீழே இறக்கினீர்கள்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் நடந்ததையும் நீங்கள் அறிய வேண்டும். ஆராதனை முடிந்ததும் ஒரு மூப்பர் அவரைத் தனியே அழைத்து, மாத்திரையை நம்புகிறவர் கர்த்தரை நம்பவில்லை என்று சொல்லியிருக்கிறார். மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரைகளை அக்கா நிறுத்திவிட்டார். ஒன்பது நாட்கள். அந்த ஒன்பது இரவுகளும் அவருடைய அறை வாசலில், தரையில் நான் படுத்திருந்தேன். உள்ளே கேட்ட அழுகைகூட எனக்கு ஆறுதலாக இருந்தது. சத்தம் நின்றுபோன நேரங்களில்தான் எழுந்து கதவைத் தட்டினேன். பத்தாம் நாள் காலையில் காலில் விழாத குறையாகக் கெஞ்சி மீண்டும் மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். "பிரியமான வைத்தியனாகிய லூக்கா" என்று பவுல் ஒருவரை அழைக்கிறார். அவர் எழுதிய சுவிசேஷத்திலிருந்துதான் ஒவ்வொரு ஆண்டும் கிறிஸ்து பிறப்பின் செய்தியை வாசிக்கிறோம். அந்த மூப்பர் இதை நினைத்துப் பார்த்திருக்கலாம்.

ஒன்பது இரவுகளைவிட என்னை அதிகமாக உலுக்கியது அதற்குப் பின்பு நான் கண்ட ஒரு காட்சி. ஒரு ஞாயிறு காலை அக்கா கண்ணாடி முன் நின்று தாழ்ந்த குரலில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் ஜெபம் திரும்பி வந்துவிட்டது என்று மகிழ்ந்து அருகே போனேன். "நன்றாக இருக்கிறேன், கர்த்தர் நல்லவர். நன்றாக இருக்கிறேன், கர்த்தர் நல்லவர்" என்று சிரித்த முகத்தோடு சொல்லிப் பழகிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "இப்படிச் சொன்னால் உள்ளே விடுவார்கள் அல்லவா?" என்று கேட்டார். ஐயா, உங்கள் ஆராதனைக்கு வருவதற்கு ஒரு விசுவாசி பொய் சொல்லிப் பழக வேண்டியிருக்கிறது. அன்றும் அவர் வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பிப் போனார்.

"நடுராத்திரியிலே பவுலும் சீலாவும் பாடவில்லையா?" என்று அன்று கேட்டீர்கள். பாடினார்கள். அடிபட்டுச் சிறையில் கிடந்தவர்கள் தாங்களாகவே பாடினார்கள். வெளியே நின்றவர்கள் அவர்களைப் பாடச் சொல்லவில்லை. அதே இரவில் சிறைச்சாலைக்காரன் அவர்களுடைய காயங்களைக் கழுவினான் என்றும் அந்த அதிகாரத்தில் இருக்கிறது. "மனதுக்கமுள்ளவனுக்குப் பாட்டுகளைப் பாடுகிறவன், குளிர்காலத்தில் வஸ்திரத்தைக் களைகிறவனைப்போல" இருப்பான் என்று நீதிமொழிகள் சொல்கிறது. என் அக்காவின் குரலுக்கு மேல் கைதட்டிப் பாடிய எல்லோருக்கும் இந்த வசனத்தை வருத்தத்தோடு நினைவூட்டுகிறேன். அன்று நானும் கைதட்டினேன். அதை நினைக்கும்போதெல்லாம் வெட்கப்படுகிறேன்.

இது ஒரு குடும்பத்தின் குறை மட்டும் அல்ல. நம் சபையில் யாருக்கு மைக் கிடைக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். சுகமானவர் சாட்சி சொல்லலாம். இன்னும் படுக்கையில் இருப்பவரின் பெயர் ஜெபக் குறிப்பில் வரும், குரல் வராது. வேலை கிடைத்தவர் மேடைக்கு வருவார். மூன்று ஆண்டுகளாகக் கிடைக்காதவர் பின் வரிசையில் இருந்துவிட்டுப் போவார். திருமணம் முறிந்தவர்கள் சொல்லிக்கொள்ளாமலே சபை மாறிவிடுகிறார்கள். 150 சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல்கள். நம் பாட்டு வரிசையில் ஒரு புலம்பல் பாடல் கடைசியாக எப்போது இடம்பெற்றது? பழைய சபைகளுக்கு இருளில் உட்காரத் தெரிந்திருந்தது. பரிசுத்த வாரத்தில் 15 மெழுகுதிரிகளை ஏற்றி, சங்கீதம் வாசிக்க வாசிக்க ஒவ்வொன்றாக அணைத்து, கடைசித் திரியை மட்டும் அணைக்காமல் மறைத்துவைத்து, இருட்டில் காத்திருந்து, பின்பு அதைத் திரும்பக் கொண்டுவரும் வழிபாடு மேற்கத்தியத் திருச்சபையில் நூற்றாண்டுகளாக இருந்தது. நமக்கோ மேடை விளக்கு ஒரு நொடி அணைந்தாலும் பதற்றம் வந்துவிடுகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கிலேயப் பிரசங்கியார் ஸ்பர்ஜனை நீங்கள் மாதம் ஒரு முறையாவது மேற்கோள் காட்டுகிறீர்கள். 1856-ல், அவருடைய 22-ம் வயதில், லண்டனில் அவர் பிரசங்கித்த அரங்கில் யாரோ "தீ" என்று பொய்யாகக் கூச்சலிட, நெரிசலில் ஏழு பேர் இறந்தார்கள். அந்த அதிர்ச்சி அவரை விட்டு முழுவதும் நீங்கவே இல்லை. மனச்சோர்வு வாழ்நாள் முழுவதும் திரும்பத் திரும்ப வந்தது. அதைப் பிரசங்க பீடத்திலும் தன் மாணவர்களிடமும் அவர் மறைக்காமல் பேசினார். அன்னை தெரசா ஏறத்தாழ 50 ஆண்டுகள் தேவ சமுகத்தை உள்ளத்தில் உணராமலே ஏழைகளுக்கு ஊழியம் செய்தார் என்பது 2007-ல் வெளியான அவருடைய கடிதங்களால் உலகத்துக்குத் தெரிந்தது. இவர்கள் இருவரும் நம் சாட்சி நேரத்தில் எழுந்து நின்றிருந்தால் எத்தனை வரி வாசிக்க விட்டிருப்பீர்கள்?

சற்றுக் கடுமையாகப் பேசிவிட்டேன் என்றால் மன்னியுங்கள். நீங்கள் என் மேய்ப்பர்கள். என் மருமகனின் கல்லறை அருகே மழையில் எங்களோடு நின்றவர்கள் நீங்கள். அதை மறக்கவில்லை. அன்று நீங்கள் அதிகம் பேசவில்லை. அந்த மௌனத்தில் எங்களுக்குக் கிடைத்த ஆறுதல் பிறகு எந்தப் பிரசங்கத்திலும் கிடைக்கவில்லை.

ஏசாயா 50-ம் அதிகாரம் பத்தாம் வசனத்தை உங்களோடு உட்கார்ந்து வாசிக்க ஆசைப்படுகிறேன். கர்த்தருக்குப் பயந்து, அவருடைய தாசனின் சொல்லைக் கேட்டு, அப்படியும் "தனக்கு வெளிச்சமில்லாததினால் இருட்டிலே நடக்கிற" ஒருவரைப் பற்றி அங்கே சொல்லியிருக்கிறது. அவர் பாவம் செய்தார் என்று தீர்க்கதரிசி சொல்லவில்லை. தன் தேவனைச் சார்ந்துகொள்ளட்டும் என்று மட்டும் சொல்கிறார். கடிந்துகொள்ளும் வார்த்தை அடுத்த வசனத்தில், தாங்களே மூட்டிய நெருப்பின் வெளிச்சத்தில் நடப்பவர்களுக்கு வருகிறது. மரணத்தைக் கேட்டுச் சூரைச்செடியின் கீழே படுத்த எலியாவுக்கும் தேவதூதன் பிரசங்கம் செய்யவில்லை; தூங்கவிட்டு, எழுப்பிச் சாப்பிட வைத்தான். மகதலேனா மரியாள் கல்லறைக்கு வந்தது "இருட்டோடே". உயிர்த்தெழுந்தவர் முதலில் தம்மைக் காட்டியது, அழுதுகொண்டிருந்த அந்தப் பெண்ணுக்குத்தான். ஏன் அழுகிறாய் என்று கேட்டுவிட்டு, அவர் பதில் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆகவே மறுபடியும் கேட்கிறேன். என் அக்காவிடம் மைக்கைத் திருப்பிக் கொடுங்கள். அவருடைய வகுப்பைத் திருப்பிக் கொடுங்கள். மாத்திரை அவிசுவாசம் என்று இனி யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று அந்த மூப்பருக்குச் சொல்லுங்கள்.

அந்தக் காகிதம் இப்போது என்னிடம் இருக்கிறது. அதில் அவர் வாசிக்காமல் விட்ட வரிகள் மூன்றுதான்: "சபையாரே, எனக்கு ஒரு பதிலும் சொல்ல வேண்டாம். 88-ம் சங்கீதத்தைத் தனியாக வாசித்து வாசித்துச் சோர்ந்துவிட்டேன். இன்று ஒரு முறை என்னோடு சேர்ந்து அதை வாசியுங்கள்."

"என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்று தொடங்கும் அந்தச் சங்கீதத்தில் 18 வசனங்கள். எபிரெயத்தில் அதன் கடைசிச் சொல் "இருள்". அதோடு அது நின்றுவிடுகிறது. வாசித்து முடிக்க மூன்று நிமிடங்கள் போதும். வருகிற ஞாயிறு அக்காவை அழைத்து வருகிறேன். வாசலில் யாராவது ஒருவர் நின்று அவரை உள்ளே அழைத்துச் செல்ல வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

கிறிஸ்துவின் அன்பில்,
உங்கள் சபையின் அங்கத்தினன் ஒருவன்