கல்யாண ஜாக்கெட்டை வெட்டக் கொடுத்துவிடாதே

கும்பகோணம்

அன்புள்ள கமலா,

ஆடிப்பெருக்குக்குள் எழுதுகிறேன் என்றேன், எழுதவில்லை. திட்டுவதை நேரில் வந்து திட்டு. இங்கே எல்லோரும் சௌக்கியம். அவர் தினமும் பாலத்தில் நின்று காவிரித் தண்ணீரை மேற்பார்வை பார்த்துவிட்டுக் காபிக்கு மட்டும் வீடு திரும்புகிறார்.

உன் பெண்ணின் கல்யாணப் பட்டின் ஜாக்கெட்டை ஏதோ பெரிய கடையில், போனிலேயே அளவு சொல்லித் தைக்கக் கொடுக்கப் போகிறாயாமே? உன் நாத்தனார் சொன்னாள். திருபுவனத்தில் விசிறி மடிப்பில் அடுக்கியிருந்த அத்தனை புடவையையும் கலைத்துப்போட்டு எடுத்த பட்டு அது. உனக்குப் புத்தி இருக்கிறதா?

நீளவாட்டில் ஓடும் பாவு நூல் தறியில் விறைப்பாக இழுத்துக் கட்டப்படுவது. துணியான பிறகும் அந்த வாட்டத்தில் இழுத்தால் கொடுக்காது. குறுக்கே ஓடும் ஊடை கொஞ்சம் இடம் கொடுக்கும். மூலைவாட்டில் இழுத்தால்தான் துணி நன்றாக நெகிழும். அந்தப் பக்கமாக எந்த நூலும் ஓடவில்லையே! மூலைவாட்டில் வெட்டும் கிராஸ் கட்டிங் ஜாக்கெட் உடம்போடு படிந்து நிற்பது அதனால்தான். பாரிஸில் மதலேன் வியோனே என்ற அம்மாள் 1920களில் கவுன்களையே இப்படி வெட்டிப் பெயர் வாங்கினாராம், மருமகள் சொன்னாள்.

நம் டெய்லர் தாத்தா பாரிஸைக் கண்டாரா? துணியை வாங்கியதும் எதிரெதிர் மூலைகளைப் பிடித்து ஓர் இழுப்பு இழுப்பார். "கிராஸ் கட்டிங்குக்கு ஒரு மீட்டர் வேண்டும், எண்பது சென்டிமீட்டரோடு வந்து நிற்காதே" என்று விரட்டுவார். ஆடி பிறந்த மறுநாள் போய்விட்டார், கமலா. இதை உனக்கு எழுதத்தான் கை வரவில்லை.

அவர் படுக்கையில் இருந்தபோது வேறு கடையில் ஒன்று தைத்தேன். துணியை மிச்சம் பிடிக்க நேராகவே வெட்டி, டாட் என்கிற மடிப்புத் தையல் பிடித்துச் சமாளித்திருக்கிறார்கள். கையைத் தூக்கினால் இடுப்புப் பட்டி கூடவே ஏறுகிறது.

பட்டில் இன்னொரு வில்லங்கம் உண்டு. கரையைக் கை ஓரத்தில் வைப்பாய் அல்லவா? கரை ஓடுவது பாவின் வாட்டத்தில். ஆக, உன் பெண்ணின் புஜத்தைச் சுற்றி வருவது அந்தக் கொடுக்காத நூல்தான். ஜரிகையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். இறுக்கமாக அளவெடுத்தால், மாலை மாற்றக் கையைத் தூக்கும்போது டர்ரென்று கேட்கும். பள்ளி ஆண்டு விழா மேடையில் உனக்குக் கேட்டதே, அதே சத்தம்!

கைச்சுற்றைத் தாராளமாக வைத்து, பிரித்துவிட உள்ளே இரண்டு விரல் துணி விட வேண்டும். லைனிங்கை ராத்திரி முழுக்க நனைத்து, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகே வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் தண்ணீர் பட்டதும் உள்ளே பருத்தி சுருங்கி, மேலே பட்டு பொம்மிக்கொண்டு நிற்கும். துணி போதாவிட்டாலும் முன்பக்கத்தையாவது கிராஸில் எடுக்கலாம்.

போன் அளவு வேண்டாம். அவளுக்கு இப்போது சரியாக இருக்கும் அளவு ஜாக்கெட் ஒன்றோடு பட்டுத் துணியை இந்த வாரமே கொடுத்தனுப்பு. தாத்தாவின் மகன் தைக்கிறான். அப்பாவின் வாய் இல்லை, கத்தரி அப்படியே இருக்கிறது. ஆவணி முகூர்த்தக் கூட்டம் சேர்ந்துவிட்டால் அவனும் கைவிரித்துவிடுவான்.

நாத்தனாரை மாட்டிவிடாதே. முழங்கால் தைலம் தீர்ந்திருந்தால் எழுது, வாங்கி வைக்கிறேன்.

அன்புடன்,
சரோஜா