ரசனை மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழு நிறைவேற்றிய தீர்மானத்திலிருந்து தொடங்குகிறேன். கூட்டங்களில் கதைச் சுருக்கம் சொல்லக் கூடாது என்று முடிவு செய்தோம். திரைப்படமோ சித்திரக்கதையோ சிறுகதையோ, எல்லோரும் பார்த்தும் படித்தும்விட்டு வர வேண்டும். பேச்சு சொல்முறையைப் பற்றியதாக இருக்க வேண்டும். முன்பெல்லாம் நடந்ததைத் திரும்பச் சொல்வதிலேயே பாதி நேரம் போய்விடும். பிடித்தது, பிடிக்கவில்லை என்று சொல்லிக் கலைந்துவிடுவோம். தடை வந்ததும் வருகை குறைந்தது. வந்தவர்களிலும் சிலர் பேச எதுவுமின்றித் தவித்தார்கள். அந்தத் தவிப்பு நமக்குத் தேவைப்பட்டது என்பதே என் கருத்து.

ஆண்டின் நீண்ட விவாதம், ஜப்பானிய எழுத்தாளர் ரியுனோசுகே அகுதாகவா 1922இல் வெளியிட்ட ஒரு சிறுகதையையும், அதை அடிப்படையாக வைத்து இயக்குநர் அகிரா குரோசவா 1950இல் எடுத்த 'ராஷோமோன்' படத்தையும் பற்றியது. சிறுகதையில் தனியே ஒரு கதைசொல்லி கிடையாது. ஒரு மரணத்தைப் பற்றிய வாக்குமூலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன, அவ்வளவுதான். படத்திலோ விசாரணைக் காட்சிகளில் நீதிபதி தோன்றுவதேயில்லை. சாட்சிகள் நம்மை நோக்கி அமர்ந்து பதில் சொல்கிறார்கள். தாளில் வாசகர் இருந்த இடத்தில் திரைக்கு முன் பார்வையாளர் உட்காரவைக்கப்படுகிறார். இதைக் கண்டு சொன்னவர் நம்மில் மிக இளையவர். மூலத்துக்கு விசுவாசமான படமா என்ற வழக்கமான கேள்வி அன்று எழவே இல்லை.

சண்டை மூண்டது முடிவில்தான். சிறுகதை, இறந்தவனின் ஆவி சொல்லும் வாக்குமூலத்தோடு, எது உண்மை என்று தீர்க்காமலே நின்றுவிடுகிறது. குரோசவா, சாட்சிகளில் ஒருவனான விறகுவெட்டிக்கு இன்னொரு சாட்சியம் தருகிறார், கைவிடப்பட்ட ஒரு குழந்தையைக் கொண்டுவருகிறார், மழையும் ஓய்கிறது. ஆறுதலுக்காக ஒட்டப்பட்ட முடிவு என்றது ஒரு சாரார். எல்லோரும் பொய் சொன்ன பிறகும் ஒருவன் ஏதாவது செய்தாக வேண்டுமே, அதற்குப் படம் இடம் தருகிறது என்றது மறுசாரார். இரண்டையும் குறிப்பேட்டில் பதிந்திருக்கிறேன். நான் முதல் கட்சி என்பதையும் மறைக்கவில்லை.

சித்திரக்கதைக்கு இத்தனை கூட்டங்களா என்று மூத்த உறுப்பினர் ஒருவர் எழுத்து மூலமாகவே ஆட்சேபம் தெரிவித்திருந்தார். ஆர்ட் ஸ்பீகல்மேனின் 'மவுஸ்' பேசப்பட்ட அன்று கடைசியாக எழுந்து போனவரும் அவரே. நாஜி முகாம்களிலிருந்து மீண்ட தந்தையின் வாழ்க்கையை மகன் வரைந்த அந்த நூலுக்கு 1992இல் சிறப்புப் புலிட்சர் பரிசு கிடைத்தது. அதில் யூதர்கள் எலிகள், ஜெர்மானியர்கள் பூனைகள், போலந்துக்காரர்கள் பன்றிகள். உயிர் தப்ப அடையாளத்தை மறைக்கும்போது எலி பன்றி முகமூடி அணிந்துகொள்கிறது. வேடமும் அச்சமும் ஒரே சித்திரக் கட்டத்தில் தெரிந்துவிடுகின்றன. நடிகர்களைக் கொண்டு இதைப் படமாக்கினால் கேலிக்கூத்தாகும். உரைநடையிலோ முகமூடியைப் பக்கத்துக்குப் பக்கம் நினைவூட்ட வேண்டியிருக்கும்.

கட்டங்களுக்கு நடுவே உள்ள வெற்றிடத்தைப் பற்றி சித்திரக்கதைக் கலைஞர் ஸ்காட் மெக்ளவுட் 1993இல் எழுதியதையும் படித்தோம். ஒரு கட்டத்தில் ஓங்கிய கோடரி. அடுத்ததில் இரவு நகரத்தின் மேல் ஓர் அலறல். வெட்டு எங்கும் வரையப்படவில்லை, வெட்டியவர் வாசகரே என்கிறார் அவர். பிறகு, தெரிந்த பக்கங்களில் ஒரு கட்டத்தை மட்டும் மறைத்துப் படிக்கும் பயிற்சி செய்தோம். பல பக்கங்கள் முன்னிலும் நன்றாக இருந்தன! எழுதிப் பழகும் உறுப்பினர்கள் சற்றுச் சங்கடப்பட்டார்கள்.

படத்தொகுப்புக்கான கூட்டம் எதிர்பார்த்த அளவு அமையவில்லை. ஒரே முகத்தை வெவ்வேறு காட்சிகளோடு இணைத்துக் காட்டினால் பார்ப்பவர் அந்த முகத்தில் வெவ்வேறு உணர்ச்சிகளைக் காண்பார் என்ற சோவியத் இயக்குநர் லெவ் குலெஷோவின் சோதனையை எல்லோரும் முன்பே அறிந்திருந்தார்கள். தெரிந்த முடிவையே திரும்பச் சொல்லிக் கலைந்தோம்.

இனி நிர்வாகம். வரவு செலவு அறிக்கையைப் பொருளாளர் தனியே முன்வைப்பார். நூலகத்திலிருந்து எடுத்த சித்திரக்கதைகள் சில இன்னும் திரும்பவில்லை. எடுத்தவர்கள் இந்த அறையிலேயே இருக்கிறார்கள், பெயர் சொல்லவில்லை. திரையிடலின்போது கைபேசி வெளிச்சம் குறித்த புகார்களும் தொடர்கின்றன.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு ஒரே ஒரு பரிந்துரையைத் தருகிறது. ஒரு சிறுகதையைத் தேர்ந்தெடுத்து, ஒரு குழு அதைச் சித்திரக்கதைப் பக்கங்களாகவும் இன்னொரு குழு திரைக்கதையாகவும் மாற்ற வேண்டும். எதை விட்டோம், ஏன் விட்டோம் என்று இரு குழுக்களும் எழுதித் தர வேண்டும். வரையத் தெரியாது என்ற காரணம் ஏற்கப்படாது. குச்சி மனிதர்கள் போதும்.

கதைச் சுருக்கத் தடையை நீக்கக் கோரும் மனு ஒன்றும் வந்திருக்கிறது. அதை இன்று வாக்கெடுப்புக்கு விடுகிறோம். அதற்கு முன், இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவை வேண்டுகிறேன்.

செயலாளர்