காடிக்குள் இருப்பவர்கள் யார் பொறுப்பு?

பகாவ், நெகிரி செம்பிலான்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. மகனுக்கு செம்பனை ஆலையில் வேலை கிடைத்ததும், போய்வர பழைய புரோட்டான் சாகா கார் ஒன்றைப் பார்த்து வைத்திருப்பதும் நல்ல சேதி. இங்கே சொல்லும்படி ஒன்றும் பெரிதாக இல்லை. தோட்டத்தில் மறுநடவு நடக்கிறது. விடிந்தால் லாரிப் புழுதி, சாய்ந்தால் மழை. மற்றபடி எல்லாரும் நலம்.

"காடியே ஆறாயிரம் வெள்ளிதான், அதற்கு எதற்கு ஃபர்ஸ்ட் பார்ட்டி? தேர்ட் பார்ட்டி போதும்தானே?" என்று இன்சூரன்ஸ், அதாவது காப்புறுதி, பற்றிக் கேட்டிருந்தாய். (ஃபர்ஸ்ட் பார்ட்டி என்றால் நம் காரின் சேதத்துக்கும் சேர்த்து; தேர்ட் பார்ட்டி என்றால் நம் காரால் அடுத்தவருக்கு நேர்வதற்கு மட்டும்.) போதும். ஆனால் காடியின் விலையை மட்டும் பார்த்து அந்த முடிவுக்கு வராதே. அந்தக் காடியில் யார் யார் உட்காரப் போகிறார்கள் என்று பார். தோட்டப் பக்கத்தில் ஒரு காடி ஓடினால் அதில் ஒருவன் மட்டும் போவதை நீயும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை.

முதலில் சட்டம். 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 90ஆம் பிரிவுதான் காப்புறுதி இல்லாமல் சாலையில் வண்டி ஓட்டக்கூடாது என்கிறது. மீறினால் 1,000 வெள்ளி வரை அபராதம், 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அதோடு லைசென்ஸும் 12 மாதத்துக்குப் போய்விடும். தோட்டத்துச் செம்மண் பாதையில் மட்டும்தானே ஓட்டுகிறான் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதே. பொதுமக்கள் போய்வரும் மற்றப் பாதைகளையும் சட்டம் சாலை என்றே கணக்கில் எடுக்கிறது.

அந்தச் சட்டம் கட்டாயமாகக் கேட்பது மிகக் கொஞ்சம்: உன் வண்டியால் வெளியாள் ஒருவர் செத்தாலோ காயப்பட்டாலோ அதற்கு நஷ்ட ஈடு. அவ்வளவுதான். இடித்த காரின் பம்பருக்கோ, உடைந்த வேலிக்கோ சட்டம் கட்டாயம் வைக்கவில்லை. அந்த அளவோடு நிற்கும் பாலிசியை 'ஆக்ட்' என்பார்கள். கடைகளில் தேர்ட் பார்ட்டி என்று விற்பது அதைவிட ஒரு படி மேல். அடுத்தவர் சொத்துக்கு வரும் சேதத்தையும் அது ஏற்கும். தனியார் காருக்கு ஒரு விபத்துக்கு 3 மில்லியன் வெள்ளி வரை. மரணத்துக்கும் காயத்துக்கும் உச்சவரம்பு கிடையாது. ஆகவே கவர் நோட் என்ற காப்புறுதிச் சீட்டு கைக்கு வந்ததும் என்ன வகை என்று எழுதியிருப்பதைப் படித்துப் பார்.

இனி தேர்ட் பார்ட்டிக்கு வெளியே நிற்பவை. உன் மகன் சாலையை விட்டு வழுக்கிக் கால்வாயில் இறக்கினால் காரைச் சரிசெய்ய ஒரு காசு வராது. திருடு போனாலும், எரிந்து போனாலும், வெள்ளத்தில் மூழ்கினாலும் அப்படித்தான். (வெள்ளம் ஃபர்ஸ்ட் பார்ட்டியிலேகூட தானாகச் சேராது, தனியாகக் காசு கட்டிச் சேர்க்க வேண்டும். பலருக்கு இது தண்ணீர் வடிந்த பிறகுதான் தெரிகிறது.) இரவில் குறுக்கே வந்த மாட்டை இடித்தாலும் காரின் சேதம் உன் கைக்காசுதான்; மாட்டுக்காரர் யார் என்று கண்டுபிடித்து அவரிடம் கேட்கலாம், கண்டுபிடித்தால். திருட்டும் தீயும் மட்டும் பயம் என்றால் நடுவில் ஒரு வகை உண்டு, தேர்ட் பார்ட்டியோடு அந்த இரண்டையும் சேர்த்தது. பழைய காருக்கு அதைக் கொடுக்கச் சில கம்பெனிகள் தயங்கும்.

இதெல்லாம் இரும்பு. போனால் போகட்டும் என்று விடலாம். ஆட்கள் விஷயம் வேறு.

ஓட்டுபவன் தன் பாலிசியில் மூன்றாம் தரப்பு ஆகமாட்டான். தவறு அவன் பக்கம் என்றால் அவன் காலுக்கோ கைக்கோ தேர்ட் பார்ட்டி எதுவும் தராது. பக்கத்தில், பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள்? இங்கேதான் பலருக்கும் ஏமாற்றம். 91ஆம் பிரிவு பயணிகளைக் கட்டாயக் காப்புறுதியிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. கூலிக்கு ஏற்றிப் போகும் வண்டி, வேலை ஒப்பந்தத்தின் பேரில் ஆட்களை ஏற்றும் வண்டி, இந்த இரண்டுக்கு மட்டும் விதிவிலக்கு. சாதாரணத் தனியார் காரில் இலவசமாக ஏறியவர் காயப்பட்டு, தவறு உன் மகன் மீது என்று நீதிமன்றம் சொன்னால், அந்த நஷ்ட ஈட்டைக் கம்பெனி கட்டாது. மகன்தான் கட்ட வேண்டும். ஏறியவர் அத்தையாக இருந்தாலும் சரி, அடுத்த லயத்துப் பையனாக இருந்தாலும் சரி. எதிரே வந்தவன் மீது தவறு என்றால் கதை மாறும். அப்போது உன் காரில் இருந்த எல்லாருமே அவனுடைய பாலிசிக்கு மூன்றாம் தரப்பு. அவன் கம்பெனியிடம் கேட்கலாம்.

இந்த ஓட்டையை அடைக்க இரண்டு வழி. ஒன்று, பயணிகளுக்கான சட்டப் பொறுப்பு என்ற கூடுதல் இணைப்பு. ஏஜெண்டுகள் 'எல்எல்பி' என்பார்கள். ஓட்டுபவன் தவறால் பயணி காயப்பட்டு வழக்குப் போட்டால் இது கட்டும். எல்லாக் கம்பெனியும் தேர்ட் பார்ட்டியோடு இதைத் தர ஒப்புக்கொள்ளாது, இரண்டு மூன்று இடத்தில் கேட்டுப் பார். இதே மாதிரிப் பெயரில் இன்னொன்று இருக்கிறது: பயணி கதவைத் திறந்து மோட்டார் சைக்கிள்காரரைத் தள்ளிவிட்டால், அந்தப் பயணியின் பொறுப்பை ஏற்பது. இரண்டையும் குழப்பாதே. உனக்கு முதலில் வேண்டியது முன்னது. இரண்டாவது வழி, ஓட்டுநருக்கும் பயணிகளுக்கும் சேர்த்து எடுக்கும் தனிநபர் விபத்துக் காப்புறுதி. இதில் யார் தவறு என்ற பேச்சே இல்லை. மரணத்துக்கு இவ்வளவு, ஊனத்துக்கு இவ்வளவு என்று எழுதியபடி தரும். தொகை சிறியது, ஆனால் ஓட்டுபவனையும் சேர்க்கிறது. எத்தனை இருக்கைக்கு என்று பார்த்து எடு. ஐந்து பேர் உட்காரும் காரில் ஏழு பேரை அடைத்துக்கொண்டு போனால் கிளெய்மில் சிக்கல் வரும்.

மகனுக்கு இன்னொரு பாதுகாப்பு ஏற்கெனவே இருக்கிறது. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்தை, தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பான பெர்கேசோ வேலை விபத்தாக ஏற்கும், நம் ஆட்கள் சொக்சோ என்று சொல்வது. முதலாளி சந்தா கட்டுகிறாரா என்று சம்பளச் சீட்டில் பார்க்கச் சொல். வழியை விட்டு விலகி வேறெங்கோ போய் அடிபட்டால் கேள்வி வரும். அடிபட்டதும் ஆபீசில் சொல்லிவிட வேண்டும். முதலாளி 48 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். மருத்துவச் சீட்டு, போலீஸ் ரிப்போர்ட் இரண்டையும் பத்திரப்படுத்தச் சொல்.

அடுத்தது கெரெத்தா சாப்பு, அதாவது அனுமதியில்லாமல் கூலிக்கு ஆள் ஏற்றும் கார். மகன் ஷிப்டுக்குப் போகும்போது நாலு பேரை ஏற்றி, ஆளுக்கு மாதம் இவ்வளவு என்று வாங்கப் போகிறான் என்றால் இப்போதே தடுத்துவிடு. தனியார் கார் பாலிசி சொந்த உபயோகத்துக்கும் பாலிசிக்காரரின் சொந்தத் தொழிலுக்கும் மட்டும். கூலிக்கு ஆள் ஏற்றுவது, வாடகைக்கு விடுவது, பந்தயம், இவை வெளியே. பெட்ரோல் காசு என்று நீ சொல்வதைக் கம்பெனி கூலி என்று சொல்லும், அந்த வாக்குவாதம் நடப்பது விபத்துக்குப் பிறகுதான். கிரேப் ஓட்டுவதென்றாலும் அதற்கென்ற கூடுதல் காப்புறுதியும் தனி லைசென்ஸும் வேண்டும்.

லைசென்ஸே இல்லாதவன் ஓட்டினாலும், குடித்துவிட்டு ஓட்டினாலும் பாலிசி கைவிடும். 2020 திருத்தத்தில் மது அளவு 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 50 மில்லிகிராம் என்று குறைந்துவிட்டது, முன்பு 80. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. அடிபட்ட வெளியாளுக்குச் சட்டப்படி கம்பெனி கட்ட நேரலாம், ஆனால் கட்டிய தொகையை உன்னிடமே திரும்பக் கேட்கும். "எப்படியும் இன்சூரன்ஸ் கட்டிவிடும்" என்று காப்பிக் கடையில் பேசுபவர்கள் இந்த இரண்டாம் பாதியைச் சொல்வதில்லை.

நம்மூரில் மிகவும் நடக்கும் கோளாறு பெயர் மாற்றாத காடி. பழைய சொந்தக்காரர் பெயரிலேயே ரோட் டாக்ஸ், அவர் பெயரிலேயே இன்சூரன்ஸ், ஓட்டுவது நாம். காப்புறுதி பெயரோடு போவது, வண்டியோடு போவதல்ல. காரை விற்றவருக்கு அதில் ஒட்டு உறவு இல்லை என்று காட்டிக் கம்பெனி கையை விரிக்கப் பார்க்கும். புஸ்பாகோம் போன்ற வண்டிச் சோதனை நிலையத்தில் சோதனை முடித்து, மகன் பெயரில் புதிய கவர் நோட் எடுத்து, ஜேபிஜே என்ற சாலைப் போக்குவரத்து இலாகாவில் பெயரை மாற்றிய பிறகுதான் சாவியை வாங்கச் சொல். உன் பெயரில் போடலாமா என்று கேட்டாய். வேண்டாம். உன் 55 விழுக்காடு என்சிடி, அதாவது கிளெய்ம் செய்யாததற்கான கழிவு, உன் காருக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரே நேரத்தில் இரண்டு காருக்கு அது ஓடாது. அவன் பெயரில் போட்டால், கிளெய்ம் இல்லாமல் ஓராண்டு போனதும் அவனுக்கு 25 கிடைக்கும், பிறகு 30, 38.33, 45, 55 என்று ஏறும். தேர்ட் பார்ட்டிக்கும் இந்தக் கழிவு உண்டு. அடுத்தவர் அவன் பாலிசியில் கிளெய்ம் செய்தால் சறுக்கிவிடும்.

காசு கணக்கு. 2017 ஜூலையில் மற்ற வகைகளின் விலையைக் கம்பெனிகளே வைத்துக்கொள்ள விட்டார்கள். தேர்ட் பார்ட்டி மட்டும் பழைய கட்டண அட்டவணையிலேயே நின்றது. தீபகற்பத்தில் 1400 சிசி வரை அடிப்படை 120.60 வெள்ளி. என்சிடி பூஜ்யம் என்றால் 8 விழுக்காடு சேவை வரி 9.65, முத்திரைக் கட்டணம் 10, ஆக 140.25. 55 விழுக்காடு கழித்தால் 54.27, வரி 4.34, முத்திரை 10, மொத்தம் 68.61. வேறு கூட்டல் ஏதும் போட்டால் என்ன, ஏன் என்று கேள். இந்தத் தொகையில் ஏஜெண்டுக்கு நிற்பது சில வெள்ளிதான். உட்கார்ந்து விளக்கம் சொல்ல யாரும் வராததற்கு அதுதான் காரணம்.

விபத்து நடந்தால்: 24 மணி நேரத்துக்குள் போலீஸ் ரிப்போர்ட். தவறு நம் பக்கமாக இருந்தாலும் சாலையோரத்தில் "நான் கட்டிவிடுகிறேன்" என்று வாக்குக் கொடுக்கக் கூடாது, எழுதியும் கொடுக்கக் கூடாது. கம்பெனிக்குத் தெரியாமல் ஒப்புக்கொண்டதை அவர்கள் ஏற்கமாட்டார்கள். இருநூறு வெள்ளிக்கு முடித்துக்கொண்டு ரிப்போர்ட் போடாமல் போனால், பின்னால் அவர் கழுத்து வலி என்று வழக்கறிஞரோடு வரும்போது நம் பக்கம் ஒரு காகிதமும் இருக்காது. கம்பெனிக்கு 7 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், மருத்துவமனையில் கிடந்தால் 30 நாள். நீதிமன்றச் சமன் எது வந்தாலும் பதில் எழுதாமல் அப்படியே கம்பெனிக்கு அனுப்பு.

தவறு எதிராளி மேல் என்றால் தேர்ட் பார்ட்டிக்காரனுக்கு வேலை அதிகம். ஃபர்ஸ்ட் பார்ட்டி வைத்திருப்பவர் தன் கம்பெனியிடமே வாங்கிக்கொண்டு என்சிடியையும் காப்பாற்றிக்கொள்ளலாம். உன் மகன் எதிராளியின் கம்பெனியை நேரே துரத்த வேண்டும். எதிராளியின் ரிப்போர்ட், விபத்து வரைபடம், விசாரணை முடிவு மூன்றையும் போலீசில் கட்டணம் கட்டி வாங்க வேண்டும். சமன் யாருக்கு விழுந்தது என்பதே பாதித் தீர்ப்பு. பிறகு லைசென்ஸ் உள்ள சேத மதிப்பீட்டாளரை நம் செலவில் அமர்த்தி, அவர் பார்த்துப் படம் எடுத்த பின்தான் பட்டறையில் கை வைக்க விட வேண்டும். முதலில் பிரித்துவிட்டு அப்புறம் மதிப்பீடு என்றால் கிளெய்ம் படுத்துவிடும். மதிப்பீட்டாளர் கூலியையும், பழுது பார்க்கும் நாட்களுக்குக் கார் இல்லாத நஷ்டத்தையும் சேர்த்துக் கேட்கலாம். கூப்பிடாமல் வந்து நிற்கும் இழுவை லாரிக்காரனிடம் சாவியைக் கொடுக்காதே, எதிலும் கையெழுத்துப் போடாதே. ஆஸ்பத்திரிக் கட்டிலருகே "கேஸ் நாங்கள் பார்க்கிறோம்" என்று வரும் தரகர்களுக்கும் இதே பதில்தான்.

எதிர் வண்டிக்கு இன்சூரன்ஸே இல்லை என்றால், மரணத்துக்கும் காயத்துக்கும் மட்டும் மோட்டார் காப்புறுதியாளர் வாரியம், எம்ஐபி என்பது, கைகொடுக்கும். காரின் சேதத்துக்கு அது தராது. காயத்துக்கு வழக்குப் போட 6 ஆண்டு இருக்கிறது. இறந்தவர் குடும்பம் கேட்பதற்கு 3 ஆண்டுதான்.

ஆகவே உன் மகனுக்கு நான் சொல்வது: தேர்ட் பார்ட்டி, அதோடு கிடைத்தால் எல்எல்பி, கூடவே ஐந்து இருக்கைக்குத் தனிநபர் விபத்துக் காப்புறுதி. இது எல்லாம் சேர்ந்தாலும் ஃபர்ஸ்ட் பார்ட்டியைத் தொடாது. சாகா 1.3ஆ 1.5ஆ என்று நீ எழுதவில்லை. 1400 சிசி தாண்டினால் அடிப்படை 135 வெள்ளி ஆகிவிடும். காரின் கிரான்ட் (பதிவுச் சான்று) நகலையும் ரோட் டாக்ஸ் முடியும் தேதியையும் அனுப்பு, பணம் கட்டுவதற்கு முன் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்